கோவேறு கழுதைகள் போட்டுத் தந்த பாதை



மோட்டார் வண்டி வராத மண்பாதையில் நெடுந்தூரச் சைக்கிள் பயணம் பற்றிப் பேசச் சொன்னார்கள். பொதுப்படையாகப் பேசினால் காற்று, பறவை, உடல்நலம் என்று போய்விடும். அவையெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆகவே ஒரே ஒரு பாதையை எடுத்துக்கொள்கிறேன். அது யார் போட்டது, எப்படி மிச்சமிருந்தது என்பதுதான் என் பேச்சு.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் என்று ஒரு பழைய பேட்டை. அங்கே போடோமக் ஆற்றங்கரையில் சைக்கிளில் ஏறினால், மேரிலாந்து மாநிலத்தின் வழியே ஆற்றோடு மேற்கே போய், கம்பர்லண்ட் என்ற ஊரில் ஆற்றை விட்டுவிட்டு, அலெகெனி மலையைத் தாண்டி, பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரில் இறங்கலாம். மொத்தம் ஏறக்குறைய 540 கிலோமீட்டர். நடுவில் சில ஊர்களில் தெருவைக் கடக்க வேண்டியிருக்கும். மற்றபடி மோட்டார் வண்டிக்கு அங்கே அனுமதி கிடையாது. கம்பர்லண்ட் வரை 297 கிலோமீட்டர், செசபீக்–ஒஹையோ கால்வாயின் கரை. அதற்கு மேல் 240 கிலோமீட்டர், கிரேட் அலெகெனி பேசேஜ் என்ற பழைய ரயில் தடம். முதல் பகுதி மண்ணும் சரளையும் கலந்தது. இரண்டாவது பகுதியில் சுண்ணாம்புக்கல்லை நொறுக்கிய கிரஷர் தூளைப் பரப்பி உருளை ஓட்டியிருக்கிறார்கள்.

இவற்றில் ஒரு முழம்கூடச் சைக்கிள்காரர்களுக்காக வெட்டப்பட்டதல்ல. ஒன்று தோற்றுப்போன கால்வாய். இன்னொன்று தோற்றுப்போன ரயில்பாதை. தோற்ற பிறகும் நிலம் துண்டுதுண்டாகப் போகாமல் ஒரே கையில் இருந்தது. பாதையின் அழகைவிட எனக்கு இதுதான் பெரிய அதிசயமாகப் படுகிறது.

1828 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர நாள். அன்று இரண்டு பூமி பூஜைகள் நடந்தன. வாஷிங்டனுக்கு அருகே கால்வாய்க்கு முதல் மண்வெட்டி போட்டவர் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். மண்வெட்டி ஒரு வேரில் போய் முட்டியது. மனிதர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி வெட்டினார், கூட்டம் ஆரவாரித்தது. அதே நாளில் பால்டிமோரில் பால்டிமோர்–ஒஹையோ ரயில்பாதைக்கு முதல் கல் நாட்டினார் சார்லஸ் காரல். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் அப்போது உயிரோடிருந்த ஒரே ஆள் அவர்தான். இரண்டு திட்டங்களுக்கும் ஒரே இலக்கு: மலைக்கு அப்பால் ஒஹையோ ஆற்றுப் பக்கத்துச் சரக்கைக் கிழக்குத் துறைமுகங்களுக்கு இறக்குவது.

இரண்டுக்கும் ஒரே பள்ளத்தாக்குதான் வழி. பாயின்ட் ஆஃப் ராக்ஸ் என்ற இடத்தில் மலை ஆற்றை நெருக்கிக்கொண்டு வருகிறது. அந்தச் சந்தில் யாருக்கு உரிமை என்று இரு கம்பெனிகளும் கோர்ட்டுக்குப் போயின. 1832இல் தீர்ப்பு கால்வாய்ப் பக்கம் வந்தது. வழக்கில் ஜெயித்த கால்வாய் ஓட்டத்தில் தோற்றது. ரயில் 1842லேயே கம்பர்லண்டைத் தொட்டுவிட்டது. கால்வாய் அங்கே வந்து சேர்ந்தது 1850இல். அதற்கு மேல் மலையேறப் பணமும் இல்லை, அவசியமும் இல்லை. பெயரில் ஒஹையோவை வைத்துக்கொண்டு, ஒஹையோவைப் பார்க்காமலே நின்றுபோன கால்வாய் அது. இன்றைக்கு ஜார்ஜ்டவுனில் ஏறிப் பிட்ஸ்பர்க்கில் இறங்கும் சைக்கிள்காரர், கால்வாய்க் கம்பெனி போட்ட திட்டத்தைத்தான் முடித்துவைக்கிறார்.

இனி அந்தக் கரைக்கு வருகிறேன். படகில் இயந்திரம் கிடையாது. கரையில் கோவேறு கழுதைகள் நடக்கும். அவற்றின் பின்னால் நீண்ட கயிறு. கயிற்றின் மறுமுனையில் படகு. படகில் நூறு டன்னுக்கு மேல் நிலக்கரி. கழுதைகள் முறைவைத்து இழுக்கும். முறை முடிந்தவை படகின் முன்புறத்துத் தொழுவத்தில் ஏறி ஓய்வெடுக்கும். பின்புறத்தில் ஒரு சின்ன அறை, அதில் படகுக்காரரின் குடும்பம். கழுதைகளோடு நடப்பது பெரும்பாலும் பிள்ளைகளின் வேலை. நடக்கத் தெரியாத குழந்தை தண்ணீரில் விழாமலிருக்க இடுப்பில் கயிறு கட்டிப் படகின் மேல்தட்டில் விட்டுவைப்பார்கள். குளிர்காலத்தில் கால்வாய் ஓய்ந்தால்தான் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.

கழுதை நடக்கும் பாதையில் ஏற்றம் இருக்கக் கூடாது. தண்ணீர் நிற்கும் கால்வாயிலோ ஏற்றம் இருக்கவே முடியாது. ஆகவே ஜார்ஜ்டவுனிலிருந்து கம்பர்லண்ட் வரைக்கும் நிலம் உயர்வது மொத்தமே 605 அடி. 297 கிலோமீட்டருக்கு 605 அடி! கிலோமீட்டருக்கு இரண்டடி சொச்சம். அந்த உயரமும் சரிவாகப் பரவிக் கிடக்கவில்லை. 74 லாக்குகளில், அதாவது படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளில், ஒவ்வொன்றும் சுமார் எட்டடியாக, படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு லாக்குக்கும் அடுத்த லாக்குக்கும் நடுவே பாதை தரை மட்டம். லாக் வரும்போது ஒரு சின்ன மேடு. பெடலை நாலு மிதி அழுத்தி மிதித்தால் ஏறிவிடலாம். கிரேட் ஃபால்ஸ் அருவிக்குப் பக்கத்தில் மட்டும் ஆறு லாக்குகள் நெருக்கமாக வருகின்றன. ஆறு பாய்ந்து விழும் இடத்தில் கால்வாய் மாடிப்படி ஏறுகிறது. புதிதாகச் சைக்கிள் எடுத்த ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர்கூட, முழங்கால் நோகாமல் அங்கே போக முடிகிறது என்றால் அது கழுதைக்காகப் போட்ட கணக்கின் புண்ணியம்.

ஒரு லாக்கின் அருகில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்று பாருங்கள். இருபுறமும் வெட்டுக்கல் சுவர். நீளம் நூறடி, அகலம் பதினைந்தடி. படகின் அகலம் பதினாலரை. சில அங்குல இடைவெளியில் நூறு டன் சரக்கை உள்ளே நுழைக்க வேண்டும். பிறகு பின்கதவை மூடி, முன்கதவிலுள்ள சின்ன மடைகளைத் திறந்து தண்ணீரை இறக்கினால், படகு தானாக எட்டடி இறங்கும். கதவுகள் இரண்டும் மேட்டுத் தண்ணீரை நோக்கிக் கூம்பி நிற்கும். தண்ணீர் தள்ளத் தள்ள அவை இன்னும் இறுக மூடிக்கொள்ளும். சுவரின் கற்களில் குனிந்து பார்த்தால் சின்னச் சின்னக் குறிகள் தெரியும்: ஓர் அம்பு, ஒரு பெருக்கல் குறி, ஓர் எழுத்து. செதுக்கிய கல்தச்சர்கள் தத்தம் வேலைக்கு இட்ட அடையாளம். கயிறு உரசி உரசிக் கல்லில் விழுந்த பள்ளங்களும் இருக்கின்றன. கட்டைவிரல் உள்ளே போகும். கல்லையே அறுத்திருக்கிறது அந்தக் கயிறு.

லாக்கின் பக்கத்தில் சுண்ணாம்படித்த சின்ன வீடு, காவலருடையது. இரவு எந்நேரமும் படகுக்காரரின் ஊதுகொம்பு கேட்கும். எழுந்து வந்து கதவைத் திறக்க வேண்டும். அந்த வீடுகளில் சிலவற்றை இன்று பயணிகளுக்கு இரவு வாடகைக்கு விடுகிறார்கள். சிலவற்றில் மின்சாரம்கூட இல்லாமல் பழைய மாதிரியே வைத்திருக்கிறார்கள். கூடாரம் போடுகிறவர்களுக்குச் சில கிலோமீட்டருக்கு ஒன்றாக இடம் உண்டு. அங்கே ஒரு அடிபம்பு இருக்கும். தண்ணீரில் அயோடின் கலப்பார்கள். குடிக்கலாம், ருசியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

கால்வாய் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டுமானால்? நம்மூர் மாத்தூரில் இருப்பதுபோல் தொட்டிப்பாலம்தான். இந்த வழியில் பதினொன்று உண்டு. எல்லாவற்றிலும் பெரியது மனாக்கசி தொட்டிப்பாலம்: 516 அடி, ஏழு வளைவுகள், 1833இல் முடித்தது. உள்நாட்டுப் போரின்போது, 1862இல், தெற்குப் படைகள் அதை வெடிவைத்துத் தகர்க்க வந்தன. அவ்வளவு கெட்டியான கல்லில் வேட்டுத் துளை போடுவது லேசான வேலையில்லை. அங்கிருந்த லாக் காவலரும், பாலத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் உடையுங்கள், கால்வாய் எப்படியும் நின்றுபோகும் என்று நயமாகப் பேசித் திருப்பி அனுப்பினார். சொந்தக் கம்பெனி அவரையே சந்தேகித்து வேலையிலிருந்து நீக்கிவிட்டது!

உள்நாட்டுப் போரின் எல்லைக்கோடே போடோமக் ஆறுதான். ஹார்ப்பர்ஸ் ஃபெரிக்கு ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாலத்தில் போகலாம். சைக்கிளைப் படியேற்றித் தூக்கிப் போக வேண்டும். அடிமை முறைக்கு எதிராக 1859இல் ஜான் பிரவுன் ஆயுதக் கிடங்கைப் பிடித்த ஊர் அது. இன்னும் மேலே போனால் ஷார்ப்ஸ்பர்க். 1862 செப்டம்பர் 17 அன்று அங்கே நடந்த சண்டையில், ஒரே பகலில், ஏறத்தாழ 23,000 பேர் மாண்டும் காயம்பட்டும் காணாமற்போயும் கணக்கானார்கள். அந்தப் போரின்போது ஊர்ச் சனங்கள் ஒளிந்திருந்த பாறைக் குகை பாதையின் ஓரத்திலேயே இருக்கிறது. பலகையைக் கவனிக்காமல் போனால் வெறும் பாறை என்றுதான் தோன்றும்.

பாவ் பாவ் சுரங்கப்பாதையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாவ் பாவ் என்பது அங்கே காட்டில் வளரும் ஒரு பழமரம். பப்பாளி அல்ல, நம் சீத்தாப்பழத்தின் குடும்பம். ஆறு அந்த இடத்தில் சுமார் பத்துக் கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகிறது. அந்த வளைவைத் தவிர்க்க மலையைக் குடைந்தார்கள். 3,118 அடி. 1836இல் தொடங்கியபோது இரண்டே ஆண்டில் முடியும் என்று கணக்கு. திறந்தது 1850இல். நடுவில் பணம் தீர்ந்தது, வேலை நின்றது, கூலி கிடைக்காத அயர்லாந்துத் தொழிலாளருக்கும் மற்றவருக்கும் கைகலப்பு நடந்தது. உட்புறத்தில் ஏறத்தாழ அறுபது லட்சம் செங்கல். இன்று சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். டார்ச் இல்லாவிட்டால் கால் வைக்க முடியாது. பாதை மேடும் பள்ளமும். இடப்புறமோ வலப்புறமோ ஒரு மரக் கைப்பிடி வரும். மறுபுறம் கறுத்த தண்ணீர். அந்தக் கைப்பிடியைத் தடவிக்கொண்டே போனால் கையில் படும் பள்ளங்களும் கழுதைக் கயிறு அறுத்தவையே. படகு ஒன்றுதான் ஒரு நேரத்தில் போகலாம். எதிரெதிரே வந்த இருவர் விட்டுக்கொடுக்க மறுத்து நாட்கணக்கில் நின்றதாகவும், கடைசியில் சோளத்தட்டையைக் கொளுத்திப் புகைபோட்டு ஒருவரை வெளியேற்றியதாகவும் ஒரு கதை சொல்வார்கள்.

இந்தப் பெருமைகளோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1832இல் கால்வாய் வேலையிடங்களில் காலரா பரவியது. செத்த கூலிக்காரர்களின் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை. வழிநெடுக நிற்கும் தகவல் பலகைகள் பொறியாளரின் பெயரைச் சொல்கின்றன, தலைவர்களின் பெயரைச் சொல்கின்றன. கல்லிலுள்ள அந்தக் குறிகளைத் தவிரக் கூலிக்காரர் விட்டுப்போன கையெழுத்து ஏதுமில்லை.

1889 வெள்ளத்தில் கால்வாய் சிதைந்து கம்பெனி திவாலானது. பழைய எதிரியான ரயில் கம்பெனியே அதைக் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. இன்னொரு ரயில் கம்பெனி அந்த நிலத்தை வாங்கித் தண்டவாளம் போட்டுவிடக் கூடாது என்ற பயம்தான் முக்கியக் காரணம். 1924இல் மறுபடி வெள்ளம் வந்ததோடு படகுப் போக்குவரத்து அடியோடு நின்றது. 1938இல் மத்திய அரசு மொத்தக் கால்வாயையும் இருபது லட்சம் டாலருக்கு வாங்கியது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. ரயில் கம்பெனி அதை நூறு பேருக்குப் பிரித்து விற்றிருக்கலாம். பண்ணைக்காரர் ஒருவருக்கு ஒரு துண்டு, மரக்கடைக்கு ஒரு துண்டு, வீட்டுமனைக்கு ஒரு துண்டு. அப்படிப் போயிருந்தால் எத்தனை கோடி கொட்டினாலும் மறுபடி கோத்திருக்க முடியாது.

ஒரே கையில் இருந்ததாலேயே இன்னொரு ஆபத்தும் வந்தது. நீளமான, சமமான, அரசுக்குச் சொந்தமான நிலம் சும்மா கிடக்கிறதே, கார் ஓடும் உல்லாசச் சாலை போடலாமே என்று திட்டம் கிளம்பியது. 1954 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ் பதில் எழுதினார்: தலையங்கம் எழுதியவர் என்னோடு கம்பர்லண்ட் வரை நடந்து வரட்டும், பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்று. நீதிபதி ஒருவர் பத்திரிகைக்கு இப்படி அறைகூவல் விடுவதை இன்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆசிரியர்கள் வந்தார்கள். இயற்கை ஆர்வலர் ஓலாஸ் மூரி போன்றவர்களும் வந்தார்கள். மார்ச் குளிரில் எட்டு நாள் நடை. ஐம்பத்தைந்து வயது டக்ளஸ் ஓட்டமும் நடையுமாகப் போனார். பலர் நடுவில் வண்டியேறிவிட்டார்கள். முழுத் தூரமும் நடந்தவர்கள் ஒன்பது பேர், ஆசிரியர்கள் அதில் இல்லை. ஆனால் கால் கொப்பளித்த பத்திரிகை தன் கருத்தை மாற்றிக்கொண்டது. சாலைத் திட்டம் மெல்ல ஓய்ந்தது. 1971 ஜனவரியில் அது தேசிய வரலாற்றுப் பூங்காவானது.

கம்பர்லண்டுக்கு மேற்கே கதை வேறு. அங்கே வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வே 1912இல் மலைக்கு மேல் போட்ட தடம், 1975இல் கைவிடப்பட்டது. 1978இல் பென்சில்வேனியாவின் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒஹையோபைல் என்ற ஊரையொட்டிய தடத்தை வாங்கிவைத்தது. 1986இல் முதல் துண்டு திறந்தது. முழுப் பாதையும் ஒட்டியது 2013இல். கணக்குப் பாருங்கள்: முதல் துண்டுக்கும் கடைசித் துண்டுக்கும் நடுவே 27 ஆண்டு. கடைசியாக ஒட்டியது பிட்ஸ்பர்க் புறநகரில் ஒரு மைலுக்கும் குறைவான இடம். ஒருபுறம் ஓடும் ரயில், மறுபுறம் தண்ணீர் விளையாட்டுப் பூங்கா, நடுவில் ஒரு சைக்கிள் போக இடம் கேட்டு ஆண்டுக்கணக்கில் பேச்சு. கால்வாய்ப் பக்கத்திலும் இதே கதை உண்டு. பிக் ஸ்லாக்வாட்டர் என்ற இடத்தில் கரை அரித்துப்போனதால், 2012இல் கான்கிரீட் நடைமேடை போடும்வரை சைக்கிள்காரர்களை மேடும் வளைவுமான கார்ச் சாலைக்குத் திருப்பிவிட்டார்கள். சில கிலோமீட்டர்தான். ஆனால் பிள்ளைகளோடு போகும் ஒரு குடும்பம் அந்தச் சில கிலோமீட்டரை நினைத்தே மொத்தப் பயணத்தையும் விட்டுவிடும்.

துண்டானதை ஒட்டுவது எவ்வளவு கடினம் என்பதைப் புரிந்துகொண்டுதான் அமெரிக்க நாடாளுமன்றம் 1983இல் ஒரு சட்டத் திருத்தம் செய்தது. ஓடாத ரயில்தடத்தைக் கம்பெனி பிரித்து விற்காமல், நடைபாதையாக நடத்த முன்வருகிறவரிடம் ஒப்படைக்கலாம். நாளைக்கே ரயில் மறுபடி தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சேமிப்பில் போட்ட நிலம் என்று வையுங்கள். ரயில் போனால் நிலம் எங்களுக்கே திரும்ப வேண்டும் என்று வாதாடிய பக்கத்து நிலக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1990இல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் நில உரிமையாளர் நஷ்டஈடு கேட்கும் வழியை மூடவில்லை. நியாயம்தான் என்பேன். பாதையை நேசிக்கிறவர்கள் அதன் ஓரத்தில் குடியிருப்பவரை எதிரியாக்கிவிட்டால், இரவில் டயர் பஞ்சரானால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

இனி கம்பர்லண்டுக்கு மேற்கே உள்ள மலைப்பாதை. அதுவும் ரயில் கணக்குத்தான். கம்பர்லண்டிலிருந்து 38 கிலோமீட்டர் ஏறினால் 2,392 அடியில் நீர்பிரி மேடு: இந்தப் பக்கம் விழும் மழை அட்லாண்டிக்குக்கு, அந்தப் பக்கம் விழுவது மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கு. மலையேற்றம் என்று பெயர்தானே தவிர, நூறு மீட்டருக்குச் சுமார் ஒன்றரை மீட்டர்தான். அதைவிடச் செங்குத்தானால் சரக்கை இழுக்க நீராவி எஞ்சின் திணறும். வழியில் மேசன்–டிக்சன் எல்லைக்கோடு குறுக்கே வருகிறது. அதைத் தாண்டினால் விடுதலை என்று தெற்கிலிருந்து அடிமைகள் ஓடிவந்த கோடு. நீர்பிரி மேட்டுக்குச் சற்று முன்பு பிக் சாவேஜ் சுரங்கப்பாதை, 3,294 அடி. இது விளக்கு போட்டது, சைக்கிளிலேயே போகலாம். மேட்டைத் தாண்டினால் 200 கிலோமீட்டருக்கு மேல் இறக்கம். சாலிஸ்பரி ரயில் பாலத்தில் கீழே பண்ணை நிலங்கள் விரிந்து கிடக்கும். அதன்பின் யாக்கியோகேனி ஆறு கூடவே வரும்.

பிட்ஸ்பர்க்கை நெருங்க நெருங்கக் கிராமம் மறைந்து ஆலை நிலம் வரும். ஹோம்ஸ்டெட்டில் பாதையோரமாக ஒரு செங்கல் கட்டடம்: கார்னகி எஃகு ஆலையின் பழைய பம்ப் ஹவுஸ். 1892 ஜூலை 6 அன்று, வேலைநிறுத்தத்தை உடைக்கப் படகில் வந்திறங்கிய பிங்கர்ட்டன் காவலாட்களும் தொழிலாளர்களும் மோதிக்கொண்ட இடம். இரு தரப்பிலும் உயிர்கள் போயின. ஆலை இருந்த நிலத்தில் இப்போது கடைகளும் சினிமாவும். பம்ப் ஹவுஸும் ஒரு வரிசைப் புகைபோக்கிகளும் மிஞ்சியிருக்கின்றன.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பந்தய சைக்கிளின் ஒல்லி டயர் கால்வாய்க் கரையில் உதவாது; நாற்பது மில்லிமீட்டராவது வேண்டும், காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மட்கார்டு அவசியம். மழை பெய்தால் அந்தக் கரை களிமண். கிரஷர் தூள் போட்ட மலைப்பகுதி மட்டும் சீக்கிரம் உலர்ந்துவிடும். அதனால் சிலர் பிட்ஸ்பர்க்கில் தொடங்கிக் கிழக்கே வருகிறார்கள், கடைசியில் சேறு இருந்தாலும் போகட்டும் என்று. எனக்கு எதிர்த்திசைதான் பிடிக்கும். கால்வாய் போக நினைத்த திசை அது. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் வரை நல்ல காலம். பிக் சாவேஜ் சுரங்கப்பாதையின் கதவைக் குளிர்காலம் முழுக்கப் பூட்டிவைப்பார்கள். உள்ளே நீர் உறைந்து சுவரைப் பிளக்காமலிருக்க அந்த ஏற்பாடு. திறக்கும் தேதியைப் பார்த்துவிட்டுப் பிறகு விமான டிக்கெட் எடுங்கள்.